விருப்பு இலக்கம் ஏழு

இரும்புக் கம்பி முதலில் ஒலிவாங்கியில் விழுந்தது. அடுத்த அடி, பேச எழுந்த றொசாந்தனின் நெற்றியில் விழுந்தது. பேசாலைப் பொது மண்டபத்தில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் எழுந்ததில் பிளாஸ்ரிக் கதிரைகள் சரிந்தன.

வந்தவர்கள் மூன்று பேர். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. "காட்டிக்குடுக்கிறியோடா?" என்று கேட்டபடியே ஒருவன் றொசாந்தனின் விலாவில் உதைத்தான். றொசாந்தன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். அடியைத் தடுக்கக் கையைக்கூட உயர்த்தவில்லை.

முன்வரிசையில் இருந்த மீனவர்கள் நாலைந்து பேர் பாய்ந்து கம்பிக்காரனை மடக்கினார்கள். பறித்த கம்பியால் அவன் முழங்காலில் போட்டார்கள். எலும்பு முறிந்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது. மற்ற இருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறித் தப்பினார்கள். அலறியவனை, சத்தம் கேட்டு ஓடிவந்த பொலிஸ்காரர் வெளியே இழுத்துச் சென்றார்கள்.

காலை பத்து மணிக்கு அமைதியாகத் தொடங்கிய கூட்டம் அது. நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா என்று மக்களிடம் கேட்க ஒரு குழு வந்திருந்தது. சட்டத்தரணி றிஸ்மினா தலைமை தாங்கினார்.

முதலில் பேசிய, பாப்பாமோட்டையில் வயல் செய்யும் கமக்காரர் பரமநாதன் வேண்டாம் என்றார். வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடியையே பிழையாகப் போட்டு வாக்கைப் பழுதாக்குகிறவர்கள் தன் ஊரில் நிறையப் பேர் என்றார். பிடிக்காத ஒருவனுக்கு இரண்டாம் இடம் கொடு என்று தன்னைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னார். நல்ல கைதட்டல் கிடைத்தது.

அடுத்ததாக எழுந்தவன்தான் றொசாந்தன். பேச வந்தவர்களின் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'தேர்தல் வன்முறையில் இறந்தவரின் அண்ணன்' என்று எழுதியிருந்தது. அவனும் தம்பி யூட்சனும் ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர்கள். யூட்சனை அடக்கம் செய்த மறுநாளே சிலாபத்துக்குப் போனவன், ஆறு வருடம் கழித்துப் போன கிழமைதான் ஊர் திரும்பியிருந்தான். உயிருக்குப் பயந்து போனான் என்றே ஊர் நினைத்திருந்தது. அவன் வாயைத் திறக்க முன்னரே கம்பி வந்துவிட்டது.

இப்போது அவனைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். தாய் மாக்கிறட் சேலைத் தலைப்பால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். தலைப்பு நனைந்து இரத்தம் அவள் முழங்கை வழியே வடிந்தது. கூட்டத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி றிஸ்மினா சொன்னார். றொசாந்தன் மறுத்தான். இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு தன்னால் சொல்ல முடியாது என்றான்.

ஒலிவாங்கி இல்லாமலே பேசினான். இப்போது கட்சிக்கு ஒரு புள்ளடி, ஆட்களின் விருப்பு இலக்கங்களுக்கு மூன்று புள்ளடி. அதனால் சொந்தக் கட்சிப் பட்டியலில் இருப்பவனைத்தான் முதலில் விழுத்த வேண்டியிருக்கிறது என்றான். ஆறு வருடத்துக்கு முந்திய தேர்தலில் நாலாம் இலக்கத்து வேட்பாளரும் ஏழாம் இலக்கத்து வேட்பாளரும் ஒரே கட்சி. யூட்சன் ஏழுக்கு வேலை செய்தான். நாலாம் இலக்கத்துக்காரர் தன் ஆட்களுக்குத் தன் கையாலேயே வாள் எடுத்துக் கொடுத்தார். தேர்தல் முடிந்து ஒரு மாதத்தில் அந்த இரண்டு வேட்பாளர்களும் ஒரே மேடையில் மாலை போட்டுக்கொண்டார்கள்.

"வரிசைப்படி போடச் சொன்னால், மற்றவன்ர ஆக்களிட்டையும் போய் ரெண்டாம் இடத்தைக் கேக்கவேணும், மடம். வாளோட போய்க் கேக்கேலாது."

சட்டம் மாறினால் மனிதன் மாறிவிடுவானா என்று பரமநாதன் இருந்த இடத்திலிருந்தே கேட்டார். றொசாந்தன், யூட்சன் வெட்டுப்பட்ட அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினான்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருந்தது. ஐஸ் கொம்பனி மதிலில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஏழாம் இலக்கத்து ஆட்களைப் பட்டப்பகலில் நாலாம் இலக்கத்து ஆட்கள் வளைத்தார்கள். இரண்டு பக்கமும் ஹெல்மெட் போட்டிருந்ததில் யார் எவரென்று தெரியவில்லை. ஒருவனுக்குக் காது அறுந்து தொங்கியது. இன்னொருவன் வயிற்றைப் பிடித்தபடி பசை வாளிக்கு மேல் விழுந்தான். யூட்சன் மட்டும் கைப் பொல்லை ஓங்கியபடி எதிர்த்து நின்றான். வாளோடு வந்தவன் ஏதோ கத்தினான்.

"அந்தக் குரலைக் கேட்டதோட தம்பி பொல்லைக் கீழ போட்டிட்டான். ஹெல்மெட்டைக் கழட்டத்தான் கையைத் தூக்கினவன். கழட்ட முந்திக் கழுத்தில வெட்டு விழுந்திட்டுது."

அப்போது றொசாந்தனும் அங்கே நின்றானா என்று றிஸ்மினா கேட்டார். அவன் ஓம் என்று தலையாட்டினான்.

மாக்கிறட்டின் கை அவன் நெற்றியிலிருந்து நழுவியது. யூட்சனை வெட்டியது யார் என்று ஆறு வருடமாகப் பொலிசில் கேட்டு அலுத்தவள் அவள். மடுக் கோவிலுக்கு நடந்துபோய் மாதாவிடமும் அதையே கேட்டவள். கண்ணால் கண்ட ஒருவன் தன் வயிற்றில் பிறந்தவனாகவே இருந்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"வெட்டினவனைக் கண்டனியோ, மோனை? ஆரெண்டு சொல்லு."

றொசாந்தன் தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான் வெட்டினனான், அம்மா."