சங்கிலி ஜெபம்

எமிலி கையை அழுத்தினால் அவள் முறை வந்துவிடும்.

இன்னும் அழுத்தவில்லை.

தபீத்தாள் வீட்டு முன்னறை. பாய் விரித்துப் பெண்கள் வட்டமாக முழங்கால் படியிட்டிருந்தார்கள். கையோடு கை. ஒருத்தி ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவளின் கையை அழுத்துவாள், அவள் தொடங்குவாள். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் இப்படித்தான். கண்ணைத் திறக்கக் கூடாது. நடுவில் எழுந்து போகக் கூடாது.

அவள் வலது கை, பக்கத்து வீட்டு எமிலியின் கைக்குள் இருந்தது.

எமிலி ஜெபிக்கத் தொடங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

உட்காரும்போதே தபீத்தாள் சொன்னாள்: “மைனி கடைசில ஜெபிக்கட்டும். அவங்களுக்குப் பெறகு ஜெபிச்சா நம்ம ஜெபமெல்லாம் உப்பில்லாத கஞ்சி மாதிரில்லா இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்கே மைனி அவள். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும்.

வம்பு பேசுகிறவள் என்று ஊரில் ஒருவரும் அவளைச் சொன்னதில்லை. தெருக்குழாயடியில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாள். யாராவது அடுத்த வீட்டுச் சங்கதியை எடுத்தால், “நமக்கெதுக்கு, ஜெபிப்போம்” என்பாள்.

ஜெபித்தாள்.

போன வெள்ளி எமிலி வரவில்லை. மகள் பெர்சிஸின் கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணந்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அன்று ஜெபிக்க வாயைத் திறந்தாள். அது பொய்யில்லை.

“ஆண்டவரே, எங்கள் பெர்சிஸை ஆசீர்வதியும்.”

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சுற்றிலும் முணுமுணுப்பு.

“அவளுடைய சரீர பலவீனத்தை நீர் அறிவீர்.”

முணுமுணுப்பு நின்றது.

எல்லாக் காதும் தன் பக்கம் திரும்பியதை, மூடிய கண்ணோடு அவள் கண்டாள். வாயில் கற்கண்டைப் போட்டதுபோல இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“சிறுவயது முதல் அவளை வாதிக்கிற அந்த வலிப்பை, கல்யாணத்துக்கு முன்னே எடுத்துப்போடும், ஆண்டவரே.”

எமிலி அவளிடம் மட்டும் சொல்லி அழுத விஷயம். மருந்தில் அடங்கி வருடங்களாகிவிட்டது. மாப்பிள்ளைப் பையனிடம் பெர்சிஸே சொல்லிவிட்டாள். வீட்டில் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றிருந்தான் அவன்.

போன வெள்ளி வட்டத்தில் அவனுடைய அத்தை இருந்தாள். தபீத்தாள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள். எல்லாரையும் போலக் கண்ணை மூடியிருந்தாள்.

கண்ணைத்தான் மூடியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வேறு யார் யாருடைய ஓலையையோ வாசித்தார். பெர்சிஸ் பெயர் வராமலே தாளை மடித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து பெர்சிஸ் எழுந்து வெளியே போனாள். அதற்குப் பிறகு அவளைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது எமிலி தொண்டையைச் செருமினாள்.

“எனக்கு ஜெப பாஷையெல்லாம் வராது, ஆண்டவரே.”

 

“ஆஸ்பத்திரில எவளோ மாப்ள வீட்டுல சொல்லிட்டா போல. அவ யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா எம் வாய் சும்மா இருக்காது. எம்புள்ள எந்திரிச்சு ஒரு வாய் சாப்புடட்டும், அது போதும்.”

ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய இடம்.

யாரும் சொல்லவில்லை.

“இந்த ஊர்ல நான் மைனிட்ட மட்டுந்தான் சொல்லி அழுதேன். அவங்க வாயிலருந்து ஒரு சொல்லு வெளிய வரல. அவங்கள எனக்குத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்.”

போன வாரம் இதே பாயில் இருந்தவர்கள்தான் எல்லாரும். அத்தை மட்டும் இல்லை. அந்த இடத்தில் எமிலி.

“ஆமென்.”

கை அழுத்தப்பட்டது.

எப்போதும் தானாக வரும் தொடக்கம், அன்பும் இரக்கமும் நிறைந்த என்று, உதடுவரை வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் போதும். மீதி தானாக வரும். உருக்கமாக வரும். எமிலி அழுவாள். கூட்டம் முடிந்ததும் தோளில் சாய்ந்து நன்றி சொல்வாள்.

அந்தத் தொடக்கத்தை அவள் விழுங்கினாள்.

அடுப்பங்கரையில் தேநீர் பொங்கி வழிகிற வாசம். தபீத்தாள் எழவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல், மெதுவாக:

“கொஞ்சம் சத்தமா ஜெபிங்க, மைனி. போன வாரம் நல்லாக் கேட்டுச்சு.”

தபீத்தாளின் குரல்.

எமிலி மறுபடியும் கையை அழுத்தினாள். முதலில் அழுத்தியது உறைக்கவில்லை என்று நினைத்திருப்பாள். இந்த முறை இதமாக அழுத்தினாள். தைரியம் சொல்வதுபோல.

அவள் தன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

எமிலி விடவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள்.

சுற்றிலும் மூடிய கண்கள். பக்கத்தில் எமிலியின் முகம். நனைந்து, சற்றே நிமிர்ந்து, அவளுடைய ஜெபத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஆண்டவரே என்று அவள் தொடங்கவில்லை.

“எமிலி” என்றாள்.

எமிலி கண்ணைத் திறந்தாள்.

கை இன்னும் கைக்குள்தான் இருந்தது.