நீட்டிய முழங்கை

"கையை விடும்மா, இழுத்துட்டுப் போக நான் என்ன ஆட்டுக்குட்டியா?" "படி இருக்குடி, பாத்து..." "பாக்கவா? நல்லா சொன்ன போ!" வாசலில் தாயும் மகளும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசுகிறார்கள். மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. தையல்காரியான தாய், கழுத்தில் அளவு நாடா தொங்க, மகளின் மணிக்கட்டைப் பதினெட்டு வருடமாகப் பிடித்துவரும் அதே பிடியாகப் பிடித்திருக்கிறாள். கீழே காலை வெயிலில் மருந்துக்கடைக்காரி நிற்கிறாள். பார்வையற்ற மாணவிகளுக்குத் துணையாகச் சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்காமல் வருகிறவள். அவள் யார் கையையும் பிடிப்பதில்லை. முழங்கையைச் சற்று நீட்டி, "வந்துட்டேன்" என்கிறாள், அவ்வளவுதான். மகள் அம்மாவின் பிடியை உதறிவிட்டுத் தானாகவே எட்டி அந்த முழங்கையைப் பற்றிக்கொள்கிறாள். "அக்கா, இன்னிக்கு நூலகமா?" அந்தக் குரலில் ஒரு துள்ளல். இந்த வீட்டுக்குள் அது ஒருநாளும் கேட்டதில்லை. "மூணு மாசப் பழக்கம், அதுக்குள்ள அக்காவாம்" என்று தாய் முணுமுணுக்கிறாள். மகளின் கைத்தடி தெருக்கல்லில் டக் டக்கென்று தட்ட, அவர்கள் எதற்கோ சேர்ந்து சிரித்துக்கொண்டே போகிறார்கள். தாய் இரண்டு படி இறங்குகிறாள். நாடா நழுவி விழுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரி நீட்டிய மாதிரியே, கொஞ்சம் கோணலாக, தன் முழங்கையை மகளின் முதுகை நோக்கி நீட்டுகிறாள். "ஏய் தங்கம், நாளைக்கு என்னோடதையும் ஒருதடவை புடிச்சுப் பாக்குறியா?"