பாதிப் பல்

மூன்றாம் வகுப்பு படிக்கும் நிகில் மாடிப்படியில் விழுந்து முன்பல்லைப் பாதி உடைத்துக்கொண்டான். சேதி கேட்டு ஓடிவந்த அப்பா தணிகைவேல், சிப்காட்டில் ஷிஃப்ட் ஆட்களை மிரட்டும் அதே குரலில் ஆரம்பித்தான்.

“புள்ளைய பாத்துக்கத் துப்பில்ல. நாள் பூரா ஊட்ல இன்னாதான் பண்ணிக்கினு இருக்கே?”

மனைவி சந்திரகலா பையனுக்கு ரத்தச் சட்டையை மாற்ற உள்ளே போனாள்.

கத்தியதில் தணிகைவேலுக்குத் தொண்டை வறண்டது. மேஜையில் இருந்த பாலை ஒரே மடக்கில் குடித்தான்.

“பால்ல சர்க்கரை போடக்கூடத் தெரியல. நீயெல்லாம் ஒரு பொம்பள.”

கும்மிடிப்பூண்டி பல் கிளினிக்கில் டாக்டர் ஷைனி பையனின் வாயைப் பார்த்தார்.

“உடைஞ்ச துண்டு இருந்தா அதையே அழகா ஒட்டிடலாம். எடுத்து வெச்சீங்களா?”

தணிகைவேல் இளக்காரமாகச் சிரித்தான். “இவளா? அந்த அறிவெல்லாம் இவளுக்கு ஏது டாக்டர்? பெருக்கித் தள்ளியிருப்பா.”

சந்திரகலா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“எடுத்து வெச்சேன் டாக்டர். இங்க போன் பண்ணேன். காய விடாம பால்ல போட்டு வைக்கச் சொன்னாங்க. போட்டு மேஜை மேல வெச்சேன்.”

“சரி, எங்க அது?”

“இவரு குடிச்சிட்டாரு. சர்க்கரை இல்லன்னு திட்டுனாரு.”