ஊடலுக்கு ஒரு ஜி.பி.

“அப்பா மாத்திரை போட்டுண்டாரான்னு கேளுடா” என்றாள் வேதவல்லி, ஸ்ரீரங்கத்திலிருந்து, வீடியோ காலில்.

டப்ளினில் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முகுந்தன், அப்பா சௌரிராஜனையும் அதே காலில் இணைத்துக் கேட்டான்.

“ஆச்சுன்னு சொல்லு. அவளுக்கு முழங்கால் வலி தேவலையா? சாயங்காலம் கோவிலுக்கு நடந்து போக வேண்டாம், ஆட்டோல போகச் சொல்லு.”

“சரின்னு சொல்லுடா.”

முகுந்தனுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு மாசமா நான் நடுவுல நின்னு தபால்காரன் வேலை பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கவே மாட்டேளா?”

“எப்படிடா பேசறது? அன்லிமிடெட் வைஃபை போடலாம்னேன். ‘உபயோகிக்கற டேட்டாவுக்கு மட்டும் காசு கொடுத்தாப் போறும்’னு அந்த மனுஷர் என்ன கத்து கத்தினார் தெரியுமா?”

“சிக்கனம் தெரியாதவளோட எனக்கு என்ன பேச்சுன்னு கேளு. அப்புறம் இன்னிக்கு...”

சௌரிராஜனின் முகம் திரையில் அப்படியே நின்றது. பிறகு மறைந்தே போனது.

மறுநிமிடம் வேதவல்லியின் தலைக்கு மேலே, மாடியறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

“வேதா! என் டேட்டா தீர்ந்துடுத்து. உன் போன்ல ஹாட்ஸ்பாட் போடு. முகுந்தன்கிட்டச் சொல்லி உன்னை ஒண்ணு கேக்கணும்!”