பாப்பாத்தியின் பிளம்ஸ் மரம்

கருப்பண்ணன் கோடாரியை ஓங்கிய நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது.

அவன் பெண்டாட்டி பாப்பாத்தி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டெல்லாம் நிற்கவில்லை. அந்த நாடகம் அவளுக்கு வராது. வாசற்படியில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பாதிச் சாமை தரையில் போய்க்கொண்டிருந்தது.

அவள் வைத்த மரம். ஏற்காட்டிலிருந்து டெம்போவில் கன்று விற்க வந்தவன், பிளம்ஸ் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டுப் போனான். கூடை கூடையாகக் காய்க்கும் என்றான்.

ஒவ்வொரு தை மாதமும், மலையே பனியில் விறைத்துக் கிடக்கும்போது, ஒரு இலைகூட இல்லாமல் அடி முதல் நுனி வரை வெளிர் ரோஜா நிறத்தில் பூத்துத் தள்ளும். அப்புறம் உதிர்ந்துவிடும். பேருக்கு ஒரு காய் கிடையாது.

கரியாலூரில் கேலி பேச வேறு விஷயமே இல்லாமல் போனது.

போன வருஷம் கருப்பண்ணன் அதில் ஒரு பழைய செருப்பையும் விளக்குமாற்றையும் கட்டித் தொங்கவிட்டான். காய்க்காத மரத்துக்கு அந்தப் பக்கத்து வைத்தியம் அதுதான். ரோஷம் வந்து காய்த்துவிடும் என்பார்கள்.

மரத்துக்கு ரோஷம் வரவில்லை. பாப்பாத்திக்குத்தான் வந்தது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

இப்போது மரவள்ளிக் கிழங்கு ஏற்ற டெம்போ உள்ளே வர வேண்டும். மரம் வழியில் நிற்கிறது. பாப்பாத்தி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஜீப்பிலிருந்து மகள் மலர்விழி இறங்கினாள். மலைக்குக் கீழே செருப்புக் கம்பெனியில் வேலை. கூடவே அவளுடைய சூப்பர்வைசர் லின். சீனாக்காரி. அவர்கள் ஊரில் புத்தாண்டு, போக லீவு கிடைக்கவில்லை, அருவியாவது பார்க்கட்டும் என்று மலர்விழி கூட்டி வந்திருந்தாள்.

லின் மரத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. நேராக நடந்து கோடாரிக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றாள். ஒரு பூங்கொத்தை மூக்கோடு சேர்த்துவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னாம்மா ஆச்சு இவங்களுக்கு? எறும்பு எதுனா கடிச்சிச்சா?" என்றான் கருப்பண்ணன்.

லின் தன் செல்போனிடம் ஏதோ சொன்னாள். செல்போன் செய்தி வாசிக்கும் குரலில் தமிழ் பேசியது.

"இது எங்கள் நாட்டு மரம். குளிர் முடியும் முன்பே முதலில் பூப்பது இதுதான். இதைக் காண மக்கள் பனியில் நடந்து செல்வார்கள். எதற்கும் அஞ்சாதவர்களை இந்தப் பூவோடு ஒப்பிடுவார்கள்."

கருப்பண்ணன் செல்போனுக்குக் காது மந்தம் என்பதுபோலக் குனிந்து கத்தினான். "காயி?"

"பூவுக்காகவே வளர்க்கிறோம். யாரும் இதனிடம் காய் கேட்பதில்லை."

பாப்பாத்தி எழுந்து நின்றாள். வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து அவள் நின்றதில்லை.

லின் தொங்கிய செருப்பைத் திருப்பித் தையலைப் பார்த்தாள், தொழில் புத்தி. இது எதற்கு என்று கேட்டாள்.

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னு கட்டுறது மேடம்" என்றாள் மலர்விழி, இமைக்காமல்.

"நான்தாங்க கட்னேன்" என்றான் கருப்பண்ணன்.

அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. கருப்பண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் மரத்தின் பெருமையை விளக்க ஆரம்பித்துவிட்டான். டெம்போ சுற்றிக்கொண்டு வரட்டுமாம். கோடாரி எப்போது சுவருக்குப் பின்னால் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

புறப்படும்போது லின் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். புத்தாண்டுக்கு இந்தப் பூக்கிளை ஒன்றை வீட்டில் ஜாடியில் வைப்பார்களாம். ஒரே ஒரு சின்னக் கிளை கிடைக்குமா?

கருப்பண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கிளையா? பூத்த மரத்துல கைய வெக்கலாமாங்க? மகா பாவம்!"

அந்தச் சாத்திரத்துக்கு அப்போதுதான் வயது அரை நிமிடம்.

பாப்பாத்தி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். இருப்பதிலேயே நன்றாகப் பூத்திருந்த கிளையை வளைத்து, படக்கென்று ஒடித்தாள்.

"ஏய்!" என்று அலறினான் கருப்பண்ணன்.

அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு கையாலும் கிளையை நீட்டினாள். லின் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

பாப்பாத்தி நிறுத்தவில்லை. இன்னொன்று ஒடித்தாள், அப்புறம் இன்னொன்று. முந்தானை நிறைந்ததும் தெருவில் இறங்கி நடந்தாள். புருஷனும் மகளும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த மலையில் ஒரு மரம் முதன்முதலாகப் பலன் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் முதலில் எடுப்பதில்லை. சாமிக்குக் கொஞ்சம், சுற்றி இருக்கிற வீடுகளுக்குக் கொஞ்சம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டுக் கமலாப்பழம், எத்தனையோ வீட்டுப் பலாச்சுளை பாப்பாத்தி வீட்டுக்கு வந்திருக்கிறது. வாங்கி வாங்கியே அவள் கை கூசிப்போயிருந்தது. திருப்பிக் கொடுக்க அவளிடம் இந்த மரத்தை விட்டால் வேறு மரம் இல்லை.

கோயிலில் ஒரு கிளையை வைத்துவிட்டு, முதல் வீடாக வெள்ளச்சி வீட்டு வாசலில் நின்றாள்.

"எங்க வூட்டு மரத்துல மொத பலன். வாங்கிக்கக்கா."

வெள்ளச்சி பூவையும் பாப்பாத்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள்.