நடுவுல ஆபீஸுக்கு என்ன வேலை?

"வண்டி மேல கை வச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்."

ஜக்கம்மா சொன்ன வேகத்தில், இட்லி வண்டியைத் தூக்க வந்த ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். கம்பம் மார்க்கெட் சாலையில் கேரளா எஸ்டேட்டுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்புகிற காலை நேரம். இட்லிப் பொட்டலத்துக்குக் காத்திருந்த பெண்கள் அப்படியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆக்கிரமிப்பு அகற்ற லாரியோடு வந்திருந்த அதிகாரி முத்துராஜாவுக்குச் சின்ன வயசு. பொறுமையாகத்தான் பேசினார்.

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"நீங்க கேளுங்க சார். அரசாங்கத்துக்கிட்ட நான் வேலை கேட்டனா, லோன் கேட்டனா? மாவு நான் ஆட்டுறேன், அடுப்பு நான் பத்த வைக்கிறேன். ருசியா இருந்தா வாங்குறாக, இல்லாட்டி அடுத்த கடைக்குப் போறாக. திங்கிறவுகளுக்கும் விக்கிறவளுக்கும் நடுவுல ஆபீஸுக்கு என்ன வேலை?"

"சரியாத்தான கேக்குது அக்கா" என்றாள் ஜீப்பில் ஏறப்போன ஒருத்தி.

ஜக்கம்மாவுக்கு இன்னும் சுருதி ஏறியது. பக்கத்தில் ஆப்ப வண்டிக்காரி சுகிர்தம் லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அனுமந்தன்பட்டியிலிருந்து வந்து அவள் கடை போட்டு இரண்டு மாசம் ஆகியிருக்கும். அவளுடைய அடுப்பு ஏற்கெனவே லாரி ஏறிவிட்டது. ஜக்கம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய ஆத்திரமெல்லாம் பின்னால் இருந்த ஹோட்டல்காரர் முகைதீன் மேல்தான்.

ஜக்கம்மாவின் வண்டி வந்த பிறகு அந்த ஹோட்டலில் காலை வியாபாரம் படுத்துவிட்டது. நேற்று சாயங்காலம் இதே அதிகாரியோடு அவர் வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றதை ஜக்கம்மா கண்ணால் பார்த்திருந்தாள்.

"வெளிய வாங்க பாய். இப்பத் திருப்தியா? போட்டி போட முடியலைன்னா ஒதுங்கிப் போகணும். ஆபீஸுக்குப் போய்ப் போட்டுக் குடுத்து ஒரு பொம்பளை வயித்துல அடிக்கிறது என்ன ஆம்பளைத்தனம்?"

கல்லாவில் இருந்த முகைதீன் எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. அவளுக்குப் பதில் சொல்லாமல் நேராக அதிகாரியிடம் போனார்.

"சார், சாக்கடைக்கு இந்தப் பக்கம் என் பட்டா இடம். அங்கன ரெண்டு வண்டி நிக்கும். அந்த ஆப்பக்காரப் பிள்ளை அடுப்பையும் இறக்கச் சொல்லுங்க."

முத்துராஜா திகைத்துப்போனார். "உங்களுக்கு எதுக்கு பாய் இந்த வேலை? வண்டி போனா உங்க கடைக்குத்தான கூட்டம்?"

"வண்டிகளை எடுக்காதீகன்னு நேத்தே சொன்னேன், நீங்க காதுல வாங்கலை. இந்தம்மா இட்லி நல்லா இருக்குன்னு என் ஆளுக அங்கன போறாக. வாஸ்தவம்தான். அப்ப நான் என் இட்லியை நல்லா அவிக்கணும். லாரியைக் கூட்டிட்டு வந்து ஜெயிக்கிறது ஒரு வியாபாரமா? என் இடத்துல யாரு நிக்கணும்னு சொல்ல வேண்டியது நான். வண்டியை உள்ள தள்ளுங்கப்பா."

"பட்டா இடத்துல நின்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் முத்துராஜா. அவருக்கும் நிம்மதிதான்.

லாரியிலிருந்து அடுப்பு இறங்கியது. ஜக்கம்மாவுக்கு முகைதீனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க பாய். வார்த்தை தடிச்சுப்போச்சு."

"விடு தங்கச்சி. கொதிக்கிற கொப்பரையைப் பார்த்துத் தூக்கு."

வண்டியிலிருந்து இறக்கிய இட்லிக் கொப்பரையை அவள் ஒருத்தியால் தூக்க முடியவில்லை. சுகிர்தம் ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் சாக்கடையைத் தாண்டும்போது, தணிந்திருந்த ஆத்திரம் ஜக்கம்மாவுக்கு மறுபடி பொங்கியது. அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், பாய் இல்லைன்னா வேற யாரு? ஒருத்தர் பிழைக்கிறதைப் பொறுக்காம உங்ககிட்ட வந்து புகார் சொன்னது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நாலு பேர் முன்னாடி நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நான் கேக்கணும்."

"வேண்டாம்மா, விடுங்க. அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"சொல்லுங்க சார். எதுக்குப் பயப்படுறீக?"

முத்துராஜா பக்கத்தில் வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வந்ததுல இருந்து நான் சொல்ல வந்ததே இதைத்தாம்மா. நீங்கதான் பேசவே விடலை. புதுசா வந்த ஆப்ப வண்டி ரோட்டை அடைக்குது, உடனே எடுங்கன்னு போன மாசம் குறைதீர் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டது நீங்கதான். ஒரு வண்டியை மட்டும் எடுக்கச் சட்டத்துல இடமில்லை. எடுத்தா வரிசையா எல்லாத்தையும்தான் எடுக்கணும்."

கொப்பரை ஜக்கம்மாவின் பக்கமாகச் சாய்ந்தது.

மறுபக்கம் பிடித்திருந்த சுகிர்தம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கையை மட்டும் விடவில்லை.

"அக்கா, கால்ல கொட்டிரப் போகுது. நல்லாப் பிடிங்க" என்றாள்.