சிலாஸ் நான்ஸுக்குப் பிடித்த இடம்

பெஞ்சின் முன்னால் மண்டியிட்டு, அந்தப் பெண் திருப்புளியால் பித்தளைத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்று ஸ்க்ரூக்கள் ஏற்கெனவே புல்லில் கிடந்தன.

ஹெட்லிக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து எதிர்காற்றில் பாறை மேடுகளில் ஏறி இறங்கி, ஒரு முறை சறுக்கி முள்புதரில் விழுந்து, நடைக் குழுவைக் கட்டி மேய்த்துக்கொண்டு வந்த மனிதர் அவர். பசி வேறு. வழியில் உட்கார இருந்ததே இந்த ஒரு பெஞ்சுதான்.

அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரப் பாதையில் இறந்துபோனவர்கள் நினைவாக பெஞ்சு போட்டு, இது இன்னாருக்குப் பிடித்த இடம் என்று பித்தளையில் பொறித்து வைப்பார்கள். அதைக்கூட விட்டுவைக்காமல் பெயர்த்து எடைக்குப் போடும் கும்பல் ஒன்று கிளம்பியிருந்தது. போன மாதம் ஹெட்லியின் தாயார் பெஞ்சிலிருந்த தகடும் போய்விட்டது. அன்றிலிருந்து, அந்தத் திருடன் கையில் கிடைக்கட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, செத்தவங்க பேரைக்கூடவா திருடுவே? வெக்கமா இல்ல?”

அவள் திரும்பவில்லை. மழைச்சட்டையின் தொப்பி முகத்தை மூடியிருந்தது. அவர் குரல் உயர்ந்தபோது அவள் தோள்கள் ஒடுங்கின, அவ்வளவுதான். பிறகு நான்காவது ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்தாள்.

“காது கேக்குதா இல்லையா?”

“கேக்குது. கத்தாதீங்க” என்றாள் அவள்.

திருடிவிட்டு புத்தியும் சொல்கிறாளே என்று ஹெட்லிக்கு இன்னும் எரிந்தது. தகடு கழன்று வந்ததும் வெடுக்கென்று அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். போலீசுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்றார் குழுவில் ஒருவர். அந்த மேட்டில் போனுக்கு சிக்னல் கிடைத்தால்தானே. ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு, திட்டுவதையே தொடர்ந்தார்கள்.

ஹெட்லி தகட்டைத் துடைத்து உரக்கப் படித்தார். ‘சிலாஸ் நான்ஸ் நினைவாக. இந்த இடத்தை உயிராய் நேசித்தவர்.’

குழுவில் வந்திருந்த கெரென்சாவுக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. அவள் கல்யாணத்துக்கு முன்னால் கீழே துறைமுகத்தில் இருந்தவள். சிலாஸைத் தெரியாதவர் அங்கே உண்டா என்று ஆரம்பித்துவிட்டாள். மதுக்கடையில் அவர் இருந்தால் கலகலப்புக்குக் குறைவே இல்லையாம். வாசலில் நின்று மனைவியைக் கூப்பிட்டால் துறைமுகத்து நாய்கள் எல்லாம் குரைக்குமாம். பாதி நாள் அந்தம்மாவை இப்படிக் கத்திக் கத்தித்தான் தேடுவாராம். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

“பாத்தியா, எப்படிப்பட்ட மனுஷன்” என்று ஹெட்லி தகட்டை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டினார். “அவருக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருப்பா இல்ல? நாளைக்கு அவ வந்து பாத்தா, வயிறு எரியாது?”

“எரியுது” என்றாள் அவள்.

எழுந்து தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினாள். நரைத்த தலை, மெலிந்த முகம். கெரென்சாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

“தெர்ஸாக்கா, நீங்களா?” என்றவள், ஹெட்லியின் பக்கம் திரும்பி, “இவங்கதான் சிலாஸோட வீட்டம்மா” என்றாள்.

ஹெட்லிக்கு முகம் சிவந்துவிட்டது. மெருகேற்றுவதற்கோ, வீட்டில் ஞாபகமாக வைத்துக்கொள்ளவோ அந்த அம்மாள் தகட்டைக் கழற்றியிருக்கிறார், தான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். என் அம்மா தகடும் போச்சும்மா, அந்த ஆத்திரம், என்றார். அந்தத் தகட்டை இனி ஒருத்தனும் அசைக்க முடியாதபடி தானே மாட்டித்தருவதாகச் சொல்லி, அவள் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்ன, பிடுங்கிக்கொண்டார்.

“வேண்டாம். குடுங்க” என்றாள் தெர்ஸா.

அவர் காதிலேயே வாங்கவில்லை. புல்லில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக முடுக்க ஆரம்பித்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள் நல்ல காரியம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தெர்ஸாவிடம் நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. ஹெட்லியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கழட்டாதீங்கக்கா, இங்கேயே இருக்கட்டும்” என்று கெரென்சா அவள் முதுகைத் தடவினாள். “அவர் போனப்புறம் மழைன்னும் பாக்காம தினம் இங்க பாறையில வந்து உக்காந்திருந்தீங்களாமே. அதைப் பாத்துட்டுத்தான், இது அவருக்கு ரொம்பப் பிடிச்ச இடம்போலன்னு மதுக்கடை ஆளுங்க எல்லாம் சேந்து பெஞ்சு போட்டாங்க.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“கேட்டா அழுவீங்கன்னு விட்டிருப்பாங்க.”

நான்காவது ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு ஹெட்லி எழுந்தார். இப்போது திருப்தியா அம்மா என்று கனிவாகக் கேட்டார்.

அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்த தெர்ஸாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

“அவர் ஒரு நாள்கூட இங்க வந்ததில்ல. அவருக்குப் பயந்து நான் ஓடி வந்து ஒளிஞ்ச இடம்யா இது.”